கூடங்குளமும் இலங்கைக் கரையும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணப் பக்கங்களில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முன்னே சொன்னதைப் பின்னே திரும்பச் சொல்லவில்லை. முதலிலிருந்து வாசித்தால் கடைசிக் கேள்விகள் இலகுவாகப் புரியும்.

கூடங்குளம் எங்கட கரையில இருந்து எவ்வளவு தூரம்? மன்னார்தானே கிட்ட?

கற்பிட்டிதான் கிட்ட. நேர்கோட்டில் அளந்தால் கற்பிட்டிக்கு ஏறத்தாழ 225 கிலோமீற்றர், புத்தளத்துக்கு 235, தலைமன்னாருக்கு 245, மன்னார் நகரத்துக்கு 255, கொழும்புக்கு 270, யாழ்ப்பாணத்துக்கு 300, நுவரெலியாவுக்கு 360. தனுஷ்கோடி தலைமன்னாருக்கு எட்டின தூரத்தில் இருப்பதால் அணு உலையும் அந்தப் பக்கம்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நிலையம் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரிக்குச் சற்று வடகிழக்கே. நடுவில் மன்னார் வளைகுடா முழுவதும் கிடக்கிறது.

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. கட்டுமானம் 2002இல்தான் தொடங்கியது. தலா 1,000 மெகாவாற் திறனுள்ள ரஷ்ய வகை உலைகள் இரண்டில் முதலாவது 2013இலும் இரண்டாவது 2016இலும் இயங்கத் தொடங்கின. மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் 2017க்கும் 2021க்கும் இடையில் ஆரம்பிக்கப்பட்டது.

அது அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?

வெடிக்காது. குண்டுக்கு, யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235இன் பங்கு 90 வீதமளவில் இருக்க வேண்டும். இந்த உலையின் எரிபொருளில் அது 5 வீதத்துக்கும் குறைவு. 1986இல் சோவியத் ஒன்றியத்தின் செர்னோபிலில் உலையைப் பிளந்தது நீராவி அழுத்தம். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் கட்டடக் கூரைகளைத் தூக்கி எறிந்தது ஹைட்ரஜன் வாயு. இரண்டும் பயங்கரமான விபத்துகள்தான், ஆனால் ஹிரோஷிமா வகை வெடிப்புகள் கிடையாது.

அப்ப எதுக்குத்தான் பயப்பிட வேணும்? நிப்பாட்டினா முடிஞ்சுதுதானே?

முடியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளுக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருட்கள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். விறகை இழுத்த பிறகும் தணலில் கொதிக்கிற பானை மாதிரி. 1,000 மெகாவாற் மின்சாரம் தரும் உலை உள்ளே 3,000 மெகாவாற் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் 6–7 வீதம், அதாவது சுமார் 200 மெகாவாற் மிஞ்சி நிற்கும். ஒரு நாள் கழிந்தும் 15 மெகாவாற் அளவில் இருக்கும்.

இந்த வெப்பத்தை எடுக்கப் பம்பு ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரம் போய், டீசல் ஜெனரேட்டர்களும் கைவிட்டால் தண்ணீர் கொதித்து வற்றும். எரிபொருளைச் சுற்றியுள்ள சேர்க்கோனியம் உறை 1,200 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியுடன் வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். பிறகு எரிபொருள் உருகும், கதிரியக்க அயடினும் சீசியமும் ஆவியாகிக் கிளம்பும். அதன் பின்னும் ஒரு தடுப்பு உண்டு: உலையைச் சுற்றியுள்ள கொங்கிறீற் கவசக் கட்டடம். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் எரிபொருள் பாதியளவு உருகியும் வெளியே போனது மிகக் கொஞ்சம், ஏனென்றால் கவசம் தாங்கியது. செர்னோபில் உலைக்கு அப்படியொரு கவசமே இருக்கவில்லை.

கூடங்குளத்தில் கவசம் இரட்டைச் சுவர். ஒவ்வோர் உலைக்கும் நான்கு டீசல் ஜெனரேட்டர்கள். மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றின் இழுப்பில் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, ஹைட்ரஜனைச் சேரவிடாமல் எரித்துவிடும் கருவிகள், உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு தொட்டி ஆகியவையும் உண்டு. வடிவமைப்பை மட்டும் பார்த்தால் ஃபுகுஷிமாவின் பழைய உலைகளைவிட இது முன்னால் நிற்கிறது. ஆனால் வால்வு தரமானதா, பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறதா, சின்னப் பழுதையும் எழுதி வைக்கிறார்களா என்பதையெல்லாம் வரைபடம் காட்டாது.

சுனாமி வந்தா ஃபுகுஷிமா கதைதானே?

ஃபுகுஷிமா டாய்ச்சியில் எதிர்பார்த்த அலை 5.7 மீற்றர், வந்தது 14 மீற்றரைத் தாண்டியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்தன. 2004 சுனாமியில் கூடங்குளத்தில் நீர் ஏறியது 2.2 மீற்றர் அளவுக்குத்தான். அங்கே உலைக் கட்டடம் 8.7 மீற்றர் உயரத்திலும் ஜெனரேட்டர் கட்டடம் 9.3 மீற்றரிலும் நிற்கின்றன. சுமாத்திராப் பக்கமிருந்து வரும் அலைக்கு இலங்கைத் தீவே ஒரு பகுதி மறைப்பு. அதற்கான விலையை 2004இல் எங்கள் கிழக்குக் கரை கொடுத்தது.

ஆகவே சுனாமியை முதல் பயமாக வைக்கத் தேவையில்லை. வலையமைப்பு மின்சாரம் நீண்ட நேரம் அறுவதும், அதே நேரத்தில் மனிதத் தவறும் பழுதும் சேருவதும்தான் கவனிக்க வேண்டிய இடம்.

ஒண்டும் நடக்காட்டிலும் ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சு இஞ்சால வருகுதாமே?

எந்த அணுமின் நிலையமும் சாதாரண நாட்களில் டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்), சில மந்த வாயுக்கள் போன்றவற்றை அனுமதித்த அளவுக்குள் காற்றிலும் கடலிலும் விடும். வேலியோரம் வசிப்பவருக்கே பொதுமக்களுக்கான எல்லை வருடத்துக்கு 1 மில்லிசீவேர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகில் சராசரி மனிதர் மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் வீட்டுக் காற்றிலிருந்தும் இயற்கையாகப் பெறுவது வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட். 225 கிலோமீற்றர் தாண்டி வருவதைக் கருவியில் பிரித்தறியவே முடியாது. இங்கே பெருகும் நோய்க்கெல்லாம் கூடங்குளம்தான் காரணம் என்று சொல்வதற்கு அடிப்படை கிடையாது.

நிலையத்தைக் குளிரூட்ட எடுத்த கடல்நீர் சூடாகத் திரும்பக் கடலில் விடப்படுவது வேறு விடயம். கடல்நீரைவிட 7 பாகைக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. நிலையத்துக்கு அருகிலுள்ள இடிந்தகரைக் கடற்றொழிலாளர்களின் முறைப்பாடுகளில் அதுவும் ஒன்று, நியாயமானதும்கூட. ஆனால் அந்தச் சூடு சில கிலோமீற்றருக்குள் கலைந்துவிடும், எங்கள் கரைக்கு எட்டாது.

காத்து எந்த மாசத்தில எங்கட பக்கம் வரும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மே கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று கூடங்குளத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு மேலாக நேரே கற்பிட்டி, மன்னார்ப் பக்கம் வரும். வினாடிக்கு 8 மீற்றர் வேகமென்றால் கற்பிட்டிக்கு ஏறத்தாழ 8 மணித்தியாலம், 5 மீற்றரென்றால் பன்னிரண்டரை. மார்கழி, தை மாத வாடைக்காற்று எதிர்ப்பக்கமாக, கேரளத்தையும் அரபிக்கடலையும் நோக்கித் தள்ளும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்றுக்கு நிலையான திசை கிடையாது. அந்த நாட்களில் அன்றைய வளிமண்டலவியல் திணைக்களத் தரவை வைத்துத்தான் சொல்லலாம்.

காற்றின் திசையோடு மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றில் மிதந்து கடந்துபோவதைத் தரைக்கு இறக்குவது மழை. செர்னோபிலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், மழை பெய்த வேல்ஸ் மலைகளில், செம்மறி விற்பனைக் கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. எங்களிடம் சோளகக் காலம் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வறண்ட காலம், மழை கொட்டுவது கொழும்பு முதல் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவு வரை. காற்று சற்று வடமேற்காகத் திரும்பினால், கிட்ட இருக்கும் மன்னாரைவிடத் தூர இருக்கும் தேயிலை மலையில் அதிகம் படியலாம். படத்தில் வட்டம் போட்டு 'இவ்வளவு தூரம் ஆபத்து' என்று காட்டுகிற வரைபடங்களை நம்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

225 கிலோமீற்றர் எண்டா பாதுகாப்பான தூரம்தானே?

உயிர் தப்ப ஓடுவதைப் பொறுத்தவரை ஆம். சோற்றையும் பாலையும் வியாபாரத்தையும் பொறுத்தவரை இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் 1,000 மெகாவாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்திறனுள்ள உலைகளுக்கு நான்கு எல்லைகளைப் பரிந்துரைக்கிறது. 3 முதல் 5 கிலோமீற்றர் வரை உடனே வெளியேற்றம். 15 முதல் 30 வரை அவசர நடவடிக்கைகள். 100 வரை அளந்து பார்த்து, தேவையான இடங்களில் மக்களை இடம்பெயர்த்தல். 300 கிலோமீற்றர் வரை உணவு, பால், குடிநீர், விற்பனைப் பண்டங்கள் மீதான கட்டுப்பாடு. கூடங்குள உலை 3,000 மெகாவாற் வெப்பத்திறன் கொண்டது. புத்தளம், மன்னார், கொழும்பு எல்லாம் அந்த நான்காவது எல்லைக்குள் வருகின்றன, யாழ்ப்பாணம் விளிம்பில் நிற்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. 2011 மார்ச் 22 அன்று, ஃபுகுஷிமாவிலிருந்து ஏறத்தாழ 210 கிலோமீற்றர் தள்ளி டோக்கியோவில் உள்ள கனமாச்சி நீர்சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்நீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயடின்-131 என்ற கதிரியக்க அயடின் இருந்தது. பெரியவர்களுக்கான எல்லை 300, கைக்குழந்தைகளுக்கு 100. பெரியவர்கள் குடிக்கலாம், பால்மா கரைக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். குழந்தை இருக்கும் வீடுகளுக்குக் குழந்தைக்கு மூன்று 550 மில்லிலீற்றர் போத்தல் வீதம் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அளவு 79க்கு இறங்கியது. டோக்கியோவை விட்டு யாரும் வெளியேற்றப்படவில்லை. அதே ஆண்டு ஜூனில் 360 கிலோமீற்றர் தள்ளியுள்ள ஷிசுஓகாவின் காய்ந்த தேயிலையில் சீசியம் அன்றைய ஜப்பானிய எல்லையான 500 பெக்கரலைத் தாண்டியது. நுவரெலியாவுக்கும் கூடங்குளத்துக்கும் உள்ள தூரமும் அதேதான். கொழும்புத் தேயிலை ஏலத்தில் அப்படி ஒரு செய்தி என்ன செய்யும் என்பதைத் தேயிலைத் தொழிலில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

அப்ப பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போகத் தேவையில்லையா?

இல்லை. ஃபுகுஷிமாவில் கட்டாய வெளியேற்றம் 20 கிலோமீற்றர். காற்றும் மழையும் சேர்ந்து விழுந்த வடமேற்குப் பக்கத்தில் மட்டும், 40 கிலோமீற்றர் அளவிலுள்ள இடாதே கிராமம் வரை பிறகு வெளியேற்றினார்கள். அவசரமாக இடம்மாற்றப்பட்ட முதியவர்களும் நோயாளிகளும்தான் அங்கே அதிகம் இறந்தார்கள், கதிர்வீச்சால் அல்ல. புத்தளம் வீதியில் நெரிசலில் சிக்கி மழையில் நனைவதைவிட வீட்டுக்குள் இருப்பது நல்லது.

அயடின் குளிசை இப்பவே வாங்கி வைக்கலாமா? உப்புக் கூடச் சாப்பிட்டாக் காணுமாமே?

உப்பு உதவாது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி கதிரியக்க அயடினை உறிஞ்சாதபடி அதை நல்ல அயடினால் முன்கூட்டியே நிரப்ப வளர்ந்தவருக்கு ஒரே தடவையில் 100 மில்லிகிராம் அயடின் வேண்டும். அயடின் சேர்த்த உப்பில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். கணக்குப் போட்டால் மூன்று முதல் ஆறரைக் கிலோ உப்பு. 2011இல் சீனாவில் உப்புக் கடைகள் காலியானதுதான் மிச்சம். காயத்துக்குப் பூசும் அயடின் கரைசலைக் குடிப்பது நேரடி நஞ்சு.

குளிசை என்றால் பொட்டாசியம் அயடைட். ஒரு தடவை அளவு: வளர்ந்தவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பிறந்து ஒரு மாதத்துக்குள் 16. மாசு வருவதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள்ளோ வந்து 2 மணித்தியாலத்துக்குள்ளோ எடுத்தால் முழுப் பயன், 8 மணித்தியாலம் வரை ஓரளவு பயன் உண்டு. ஒரு நாள் கழித்து எடுத்தால் கெடுதலே அதிகம், ஏற்கெனவே உள்ளே போனதையும் வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும். 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பயன் குறைவு, தைரொயிட் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. அயடினைத் தவிர வேறெதையும் இது தடுக்காது. சீசியத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

1986இல் போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு அயடின் கொடுத்தது உண்மை. மொஸ்கோ எதையும் சொல்லாத நிலையில் காற்றில் அளவு ஏறுவதைக் கண்டு எடுத்த முடிவு அது. லித்துவேனியா, பெலாருஸின் ஒஸ்த்ரோவெத்ஸ் நிலையத்திலிருந்து 100 கிலோமீற்றருக்குள் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே குளிசை வழங்கியது. எங்கள் தூரத்தில் வீடு வீடாக வைத்திருக்கத் தேவையில்லை. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போதுமான அளவை புத்தளம், மன்னார், யாழ்ப்பாண வைத்தியசாலைகளில் சேமித்து வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். அறிவித்தல் வராமல் யாரும் விழுங்கக் கூடாது.

அறிவித்தல் வந்திட்டுது எண்டு வைப்பம். முதல் ரெண்டு நாள் வீட்டில என்ன செய்யிறது?

மேலே சொன்ன எட்டு, பன்னிரண்டு மணித்தியாலம் கையில் இருக்கிறது. அதைத் திறந்து கிடப்பவற்றை மூடப் பயன்படுத்துங்கள். கிணற்றைப் படங்கால் மூடி ஓரத்தில் கல் வையுங்கள். மழைநீர்த் தாங்கிக்குப் போகும் பீலியைக் கழற்றிவிடுங்கள். குறைந்தது முதல் இரண்டு மழை தாங்கிக்குள் போகக் கூடாது. முற்றத்தில் காயும் கருவாடு, ஒடியல், மிளகாய், நெல் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். பதநீர் முட்டிகளின் வாய் வானத்தைப் பார்த்தே இருக்கும், அந்த நாட்களில் இறக்கியதைக் குடிக்க வேண்டாம். நிலக்கீழ் நீர் பெரிதாகக் கெடாது, மண்ணே சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். கெடுவது மேலே திறந்திருக்கும் தண்ணீர்தான்.

அதைவிட முக்கியமானது மாடு. புல்லில் படிந்த அயடின் மாட்டின் வழியாகப் பாலுக்கு இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்ததற்கு முதற்காரணம் அந்தப் பால். கால்நடையைக் கொட்டிலுக்குள் கட்டி, முன்பே மூடிவைத்த வைக்கோலையும் மூடிய தண்ணீரையும் கொடுங்கள். மேய்ச்சலில் நின்ற மாட்டின் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பழைய இருப்புப் பால்மாவைக் கரையுங்கள். அயடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும். கீரை, வல்லாரை, முருங்கையிலை போன்றவற்றைப் பரிசோதனை முடிவு வரும்வரை தவிருங்கள். தோலுரிக்கும் காய்களும் கிழங்குகளும் பரவாயில்லை.

மழையில் நனைந்து வந்தால் உடுப்பை வாசலில் களைந்து பையில் கட்டிவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். காற்று கடந்துபோகும் மணித்தியாலங்களில் கதவு, யன்னல் மூடியிருக்கட்டும். அவ்வளவுதான், கண்ணாடியில் ரேப் ஒட்டத் தேவையில்லை.

கடலுக்குப் போகலாமோ? மீன் சாப்பிடலாமோ?

காற்று கடக்கும் நேரத்தில் கரையில் இருப்பது நல்லது. திறந்த வள்ளத்தில் ஒதுங்க இடமில்லை. மீனைப் பொறுத்தவரை கடல் வேகமாகக் கலக்கும், பாலைப் போல உடனடி ஆபத்து அதில் இல்லை. ஃபுகுஷிமாவில் நிலையத்துக்கு அண்மையில் அடிமண்ணோடு வாழும் மீன்களில்தான் சீசியம் நீண்ட நாள் நின்றது. எங்கள் தூரத்தில் மீனவனை முதலில் அடிப்பது கதிர்வீச்சைவிட வதந்தி. பரிசோதனைச் சீட்டு இல்லாத மீனை ஏற்றுமதிக்காரன் தொடமாட்டான். மன்னார் நண்டும் இறாலும் அந்தச் சந்தையைத்தான் நம்பியிருக்கின்றன.

நடந்தா எங்களுக்கு ஆர் சொல்லுவினம்? இந்தியா மறைச்சா?

செர்னோபில் மறைப்புக்குப் பிறகு 1986இலேயே அணுவிபத்தை உடன் அறிவிக்கும் உடன்படிக்கை உருவானது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர்கள். எல்லை தாண்டக்கூடிய கசிவு ஏற்பட்டால் நேரம், இடம், காரணம், வெளியான பொருள், காற்றின் நிலை ஆகியவற்றை வியன்னாவிலுள்ள முகவரகம் ஊடாகவோ நேரடியாகவோ உடனே தெரிவிக்க வேண்டும். 2015 பெப்ரவரியில் ஜனாதிபதி சிறிசேனா டெல்லி சென்றபோது கையெழுத்தான இருநாட்டு உடன்பாட்டிலும் அணு அனர்த்தத் தணிப்பு இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், கசிவு எல்லை தாண்டுமா என்பதை முதலில் தீர்மானிப்பது விபத்து நடந்த நாடுதான்.

முழுதாக மறைப்பது இன்று கடினம். 1986இல்கூட 1,100 கிலோமீற்றர் தள்ளி சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தின் கருவிகளே முதலில் காட்டிக்கொடுத்தன, மொஸ்கோ அன்று இரவுதான் வாய்திறந்தது. இலங்கை அணுசக்திச் சபை வடக்கு, மேற்குக் கரையோரங்கள் உட்படப் பல இடங்களில் தன்னியக்கக் கதிர்வீச்சுமானிகளை வைத்திருக்கிறது. ஆனால் அவை காட்டும்போது மாசு வந்து சேர்ந்திருக்கும். அந்த எட்டு மணித்தியால முன்னறிவிப்பு டெல்லியிலிருந்து மட்டுமே வர முடியும். உள்நாட்டில் பொதுமக்களுக்கான அறிவித்தல் அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஊடாக வரும், தொலைபேசி இலக்கம் 117.

இன்னொன்று: 'கூடங்குளம் உலை நின்றுவிட்டது' என்று வட்சப்பில் வந்தால் அது விபத்தென்று எடுக்க வேண்டாம். உலைகள் எரிபொருள் மாற்றவும் சிறு பழுதுகளாலும் அடிக்கடி நிற்கும். இந்திய மின்வலையமைப்பின் தினசரி அறிக்கையில் அது பதிவாகும்.

ஒரு கைகர் மீற்றர் வாங்கினா நாங்களே பாக்கலாமே? போனில அப் ஒண்டும் இருக்காம்.

போன் கமராவை மறைத்து அளக்கும் செயலிகள் மிகப் பெரிய அளவுகளுக்கு மட்டும் சற்று அசையும். எங்களுக்குப் பயனில்லை. கைகர் மீற்றர் (கையடக்கக் கதிர்வீச்சுமானி) பரவாயில்லை, ஆனால் முதலில் உங்கள் முற்றத்தின் வழமையான அளவை வறண்ட நாளிலும் மழை நாளிலும் எழுதி வையுங்கள். பெரும்பாலான இடங்களில் மணிக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோசீவேர்ட் இருக்கும். கடும் மழை தொடங்கியதும் அளவு ஏறும். அது மண்ணிலிருந்து காற்றில் கலக்கும் இயற்கைக் கதிரியக்க வாயுவான ரேடனின் வழிப்பொருட்கள் இறங்குவதால் வருவது, மழை விட்டு ஓரிரு மணித்தியாலத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஏறிய அளவு மழைக்குப் பிறகும் பல மணித்தியாலம் இறங்காமல் நின்றால்தான் விசாரிக்க வேண்டும். புல்மோட்டை, பேருவளை போன்ற கனிய மணல் கரைகளில் தோரியத்தால் இயற்கையாகவே கூடுதலாகக் காட்டும்.

உணவைக் கைகர் மீற்றரால் சோதிக்க முடியாது. மீனுக்கு மேலே பிடித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று காட்டும் காணொளிகளுக்குப் பெறுமதி இல்லை. ஒரு கிலோ அளவான மாதிரியை ஈயக் கூட்டுக்குள் வைத்து, காமா நிறமாலைமானியில் நீண்ட நேரம் எண்ணினால்தான் கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என்று தெரியும். செர்னோபிலுக்குப் பிறகு இறக்குமதிப் பால்மாவைக் கொழும்பில் அப்படித்தான் சோதித்தார்கள்.

உள்ளுக்க வைரஸ் புகுந்ததாம், தரமில்லாத வால்வாம். எல்லாம் உண்மையோ?

மூன்று விடயங்கள் பதிவிலேயே இருக்கின்றன. 2013இல் உலை தொடங்குமுன் சோதனையில் நான்கு வால்வுகளில் குறைபாடு கண்டு பாகங்களை மாற்றினார்கள். 2014 மே மாதம் சுடுநீர்க் குழாய் வேலையில் ஆறு பணியாளர்கள் எரிகாயம் அடைந்தார்கள். அது விசையாழிப் பக்கம், கதிரியக்கம் சம்பந்தப்படவில்லை. 2019 செப்ரெம்பரில் நிர்வாக வலையமைப்பின் கணினியொன்றில் தீநிரல் புகுந்தது. உலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் அந்த வலையமைப்போடு இணைக்கப்படாதவை.

கவலைப்பட வேண்டியது அந்தத் தீநிரலைவிட அதை அறிவித்த விதம். அப்படி ஒன்றுமே இல்லை என்று முதலில் ஓர் அறிக்கை வந்தது, மறுநாள் ஒக்ரோபர் 30இல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. சிறு விடயத்தில் முதல் பதில் மறுப்பாக இருந்தால், பெரிய விடயத்தில் அந்த எட்டு மணித்தியாலம் என்னவாகும்?

கழிவை எங்க வைக்கினம்?

எரிந்த எரிபொருள் உலைக் கட்டடத்துக்குள்ளேயே நீர்த்தொட்டியில் இருக்கிறது. 2013 மே 6இல் இந்திய உச்சநீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோது விதித்த 15 பணிப்புரைகளில் ஒன்று, ஐந்து வருடத்துக்குள் உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு வசதி கட்ட வேண்டும் என்பது. அந்தக் காலக்கெடு 2018இல் நீட்டிக்கப்பட்டது. தொட்டிக்கும் இடைவிடாத குளிரூட்டல் வேண்டும், ஆனால் அங்கே சூடேறுவது மெதுவாக, கையில் நாட்கணக்கில் நேரம் இருக்கும்.

எல்லாரும் கூடங்குளத்தையே கதைக்கினம், கல்பாக்கம்?

நல்ல கேள்வி, யாழ்ப்பாணத்தவர் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி. கல்பாக்கத்திலிருந்து பருத்தித்துறைக்கு 300 கிலோமீற்றர், கூடங்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உள்ளதும் அதேயளவு. அங்கே 1980களில் தொடங்கிய 220 மெகாவாற் உலைகள் இரண்டு உண்டு. அவற்றின் வெப்பத்திறன் சிறியது என்பதால் முகவரகத்தின் உணவுக் கட்டுப்பாட்டு எல்லை 100 கிலோமீற்றரோடு நிற்கும். அருகிலுள்ள 500 மெகாவாற் வேக ஈனுலையின் (எரிபொருளை எரிப்பதோடு புதிதாகவும் உண்டாக்கும் உலை) வெப்பத்திறன் 1,250 மெகாவாற், ஆகவே அது 300 கிலோமீற்றர் வகையில் வரும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே தள்ளும். நேர் வடக்கிலிருந்து வீசும் நாட்களில்தான் குடாநாடு அதன் பாதையில் வரும், அது எங்களுக்கு மழைக்காலமும்கூட.

இலங்கை வழக்குப் போட்டு மூடேலாதோ?

வழி மிகக் குறுகல். எல்லை தாண்டிய சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கான எஸ்பூ உடன்படிக்கையை வைத்து லித்துவேனியா பெலாருஸைக் கேள்வி கேட்டது, 2019இல் பெலாருஸ் விதியை மீறியதாகத் தீர்மானமும் வந்தது. நிலையம் அப்படியும் இயங்குகிறது. இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையிலேயே இல்லை.

மூடச் சொல்வதைவிடக் கிடைக்கக்கூடிய மூன்றைக் கேட்பது புத்தி. முதலாவது, எல்லை தாண்டுமா என்று தீர்மானிக்கக் காத்திராமல் நிலையத்தில் அவசரநிலை அறிவித்த அதே நேரத்தில் கொழும்புக்கும் சொல்லும் நேரடித் தொடர்பு. இரண்டாவது, கதிர்வீச்சுமானிகளின் அளவுகள் எல்லோரும் பார்க்கும்படி நேரடியாக வெளியிடப்படுவது. மூன்றாவது, கொழும்புக்கு வெளியே வடமேற்கிலோ வடக்கிலோ ஓர் உணவுப் பரிசோதனைக் கூடம்.

நட்டம் வந்தா ஆரிட்ட கேக்கிறது?

இந்தியா 2010இல் இயற்றிய அணுச்சேதப் பொறுப்புச் சட்டம் நடத்துநரின் பொறுப்பை 1,500 கோடி இந்திய ரூபாவோடு நிறுத்தியது. அந்தச் சட்டத்தின் எல்லையும் இந்திய மண், இந்தியக் கடற்பரப்பு, இந்தியக் கப்பல்கள் என்றே எழுதப்பட்டது. உள்நாட்டுச் சட்டம் எப்படி மாறினாலும், இந்தியா 2016இல் சேர்ந்த மேலதிக இழப்பீட்டு உடன்படிக்கையின் பொதுநிதி உறுப்பு நாடுகளுக்குத்தான். இலங்கை அதில் உறுப்பினர் இல்லை. சேர்வதா இல்லையா என்பது கொழும்பு எடுக்க வேண்டிய முடிவு, அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

எந்த வழியில் கேட்டாலும் ஆதாரம் வேண்டும். கடலுக்குப் போன நாள், பிடித்த எடை, விற்ற விலை, வாங்கியவர் தந்த பில் ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போதே ஒரு புத்தகத்தில் ஒழுங்காகப் பதிந்து வரட்டும். விபத்துக்கு முந்திய மூன்று வருடக் கணக்கு கையில் இல்லாதவரால் விபத்துக்குப் பின் எவ்வளவு இழந்தார் என்று காட்ட முடியாது. பால் சேகரிப்பு நிலையங்களுக்கும் தேயிலைச் சிறுதோட்டக்காரருக்கும் இதே கதைதான்.